முதல் நாள் ஒரு மணி நேரம்

1

இந்தக் கதையின் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் இருநூறு நாற்றுகள் செத்துப்போயின. ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டு இதை வைத்திருக்கிறேன். பழைய வரி இப்படித் தொடங்கியது: ‘மண்ணின் கருவறையில் கண்விழித்த ஒரு சிறு விதை...’

(நான் முடிக்கவில்லை. நீங்களும் முடிக்க வேண்டாம்.)

2

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் வேலை. அந்தக் கடைக்கு ஜன்னல் கிடையாது. பகல் முழுக்க ட்யூப்லைட் வெளிச்சத்தில் நின்று, வருகிறவர்களிடம் ஒரே பாட்டைப் பாடுவாள்: ஆரம்பித்தால் மாத்திரை கோர்ஸை முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது. வாடகை வாங்க வரும் எங்கள் வீட்டுக்காரரே ஒருமுறை பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி காய்ச்சலோடு வந்து நின்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வாடகை வீட்டின் பின்னால் இருக்கும் வெற்று மண்ணை அவள் ஐந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமென்ட் போட்டுக் காரை நிறுத்தப்போவதாக வீட்டுக்காரர் சொன்ன அன்றுதான் வாயைத் திறந்தாள். அவர் இரண்டு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் தோட்டம் என்று சொல்லும்படி ஏதாவது நின்றால் விட்டுவிடுகிறேன் என்றார். அக்கா கயிறு பிடித்துப் பன்னிரண்டு வரிசை அளந்தாள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை.

இங்கேதான் அவள் தொழில் அவளைக் கெடுத்தது. பாக்கெட்டில் ஒரு விதையைக்கூட மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். கோர்ஸ் முடிய வேண்டுமே. காலி மாத்திரை டப்பாக்களில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, முன்னறை ஜன்னலோரம் அடுக்கினாள். பாதி முளைக்காது என்று கணக்கு. முந்நூற்று நாற்பது முளைத்தன.

நோஞ்சான்களைப் பிடுங்கிப் போடச் சொன்னார் விதைக்கடைக்காரர். அக்காவுக்குக் கை வரவில்லை. முளைத்ததை எப்படிப் பிடுங்குவது என்று, இடம் போக மிஞ்சியதை இருபத்து நாலு டப்பாக்களில் தெரு முழுக்கக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் சீட்டு: காலை இரண்டு ஸ்பூன், மாலை இரண்டு ஸ்பூன். லாரி ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, “சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?” என்று கேட்டார்.

3

‘அன்று மதியம் திடீரென்று சூறைக்காற்று...’

இல்லை. காற்று அடிக்கவில்லை. பழி போட ஒரு காற்றை அனுப்பும்படி கடவுளிடம் நான் மன்றாடியது உண்மை. அவர் அனுப்பவில்லை. அதற்காக இன்று நன்றி சொல்கிறேன்.

நடந்தது இது. வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். அதற்கும் அக்கா சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்: ‘வெயில் – முதல் நாள் ஒரு மணி நேரம்’. காலையில் டப்பாக்களை வெளியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். விதையின் பொறுமையைப் பற்றி ஒரு நல்ல உவமை கிடைப்பதுபோல இருந்தது. நிமிர்ந்தபோது மணி மூன்று.

அக்கா வந்தபோது எல்லாம் வேகவைத்த கீரை மாதிரி சாய்ந்து கிடந்தன. வீட்டுக்காரர் வர ஒன்பது நாள். மறுபடி விதைத்து வளர்க்க நேரமில்லை.

“நான்தான்க்கா. எழுதிட்டே இருந்துட்டேன்.”

அவள் ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிப் பார்த்தாள்.

“எழுதினதையாவது முடிச்சியா?”

“இல்லக்கா.”

“அப்ப ரெண்டும் போச்சு” என்றாள். பிறகு, டப்பாக்களைக் கழுவி வைக்கச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

4

லாரிக்காரர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு பாத்திரமாக, அவர் இவ்வளவு நல்லவராக இருப்பது கதைக்கு நல்லதல்ல. ஒரு வரைவில் அவரை முதலில் கடுகடுக்க வைத்தேன். கதவைக்கூடச் சாத்த வைத்தேன். ஆனால் மனிதர் அப்படிச் செய்யவில்லையே, நான் என்ன செய்ய?

அக்கா கண்ணில் படும்படி உயிரோடு ஒன்று வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு கத்தரி நாற்று கேட்டு அவர் வாசலில் போய் நின்றேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“நாலு எடுத்துக்க தம்பி. எனக்கு ரெண்டு போதும்” என்றார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்து, “அப்படி என்னத்தப்பா எழுதின?” என்றார்.

அவர் தெருவில் யாரிடம் சொன்னார், என்ன சொன்னார் என்று தெரியாது. மறுநாள் மாலை எங்கள் படியில் ஏழு மாத்திரை டப்பா. அடுத்த நாள் ஒன்பது. அதற்கு மறுநாள் ஆறு. சிலதில் மூன்று நாற்று, சிலதில் ஐந்து. எதிர்வீட்டு டீச்சர் தன்னுடையது கருகிவிட்டது என்று கழுவிய காலி டப்பாவை நீட்டி மன்னிப்புக் கேட்டார். நானும் அவரும் அங்கேயே சிரித்துவிட்டோம்.

அவை எல்லாம் ஏற்கனவே அவரவர் வாசல் வெயிலில் நின்று பழகியவை. அக்கா விடுப்புப் போட்டு நட்டாள். தொண்ணூற்று மூன்று. வரிசைக்கு எட்டு, கடைசி வரிசையில் மட்டும் மூன்று குறை.

5

முடிவுக்கு இரண்டு வரைவு எழுதினேன். ஒன்றில் வீட்டுக்காரர் கண் கலங்குகிறார். (கிழித்துவிட்டேன்.) மற்றதில் அக்கா நீளமாகப் பேசுகிறாள். (அவளே கிழித்துவிட்டாள்.)

வந்தவர் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார். பன்னிரண்டு வரிசையையும் ஒருமுறை நடந்து முடித்தார். அக்கா வரிசையோரம் குத்தி வைத்திருந்த ஒரு சீட்டைக் குனிந்து படித்தார்.

“இதுல எப்பம்மா காய் வரும்?”

“ரெண்டு மாசம் ஆகும் சார்.”

அவர் கொத்தனாரைப் பார்த்தார். “நீ போயிட்டு வாப்பா. பாதியில நிறுத்தினா இந்தம்மா சும்மா விடாது.”

அன்று மதியம் அக்கா தோட்டத்து நடுவில் நின்று சாப்பிட்டாள். உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை.

6

ஒன்று மிச்சமிருக்கிறது. நாங்கள் கொடுத்தது இருபத்து நாலு டப்பா. திரும்பி வந்தது இருபத்தைந்து. கடைசியாக வந்தது பழைய பெயின்ட் டப்பா. அதில் மூன்று பூசணி நாற்று. அக்கா பூசணி விதைக்கவே இல்லை. சீட்டும் இல்லை. கடைசி வரிசையின் குறை அதில்தான் தீர்ந்தது. இப்போது அந்தக் கொடி சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் இறங்கிவிட்டது.

யார் வைத்தது என்று விசாரிக்க வேண்டாம் என்கிறாள் அக்கா. ஆனால் கதை என்றால் யாராவது ஒருவர் வைத்தாக வேண்டும். நீங்களும் என்றைக்காவது ஒரு வாசலில் எதையோ வைத்துவிட்டு, மணி அடிக்காமல் திரும்பியிருப்பீர்கள். ஆகவே இடம் விட்டிருக்கிறேன்:

பெயின்ட் டப்பாவை எங்கள் படியில் வைத்தவர் (                    ).