பின்னால் தெரிந்த ஜன்னல்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. ஒரு தையல் கடையில் என் கால்சட்டையின் நீளத்தைக் குறைத்துத் தரும்வரை உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. சொன்னவள் கடையை நடத்தும் பெண். "நீங்க கதை எழுதுறவராமே? அப்ப இதைக் கேளுங்க சார்" என்று அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து முதல் வரி எழுதினேன்: 'போர்க்காலத்தில் கைப்பேசியும் ஓர் ஆயுதம் என்பதைப் படைவீரர்கள் உணர்ந்து...'

(அடித்துவிட்டேன். அலுவலகச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு மாதிரி இருக்கிறது.)

2

மறுபடியும் தொடங்குகிறேன்.

அவள் கணவன் படையில் வயர்லெஸ் ஆபரேட்டர். மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது போர்முனைக்குப் போனவன். குழந்தைக்குப் பதினோரு மாதம் ஆன ஒரு காலையில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். தையல் எந்திரத்தின் காலைப் பிடித்து நின்ற குழந்தை, பிடியை விட்டு மூன்று அடி எடுத்து வைத்தது.

"நடக்கிறா! எம்பொண்ணு நடக்கிறா!" என்று அவன் போட்ட சத்தத்தில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த முகாம் சமையல்காரர் பதறி ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கும் தலைகால் புரியவில்லை. "நில்லுப்பா, அப்படியே நில்லு" என்று தன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பினார். குழந்தை தெரியும் திரையை நெஞ்சோடு பிடித்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அப்பன்.

அதை அவன் தன் முகநூல் பக்கத்தில் போட்டான்.

(இங்கே அவனைப் பொறுப்பில்லாதவனாகக் காட்டலாமா என்று யோசித்தேன். கதைக்கு வசதி. ஆனால் உண்மை வேறு. முகாமைப் படம் எடுத்துப் போடக் கூடாது என்ற உத்தரவை வாராவாரம் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியதே அவன்தான். சந்தோஷத்தில் ஒரு பத்து நிமிடம் மறந்துபோனான், அவ்வளவுதான்.)

பத்தாவது நிமிடம் சுதாரித்து நீக்கிவிட்டான். அதற்குள் மனைவி அந்தப் படத்தை எடுத்து, 'அப்பா பாத்துட்டாங்க' என்று எழுதித் தன் பக்கத்தில் போட்டிருந்தாள். அது அன்று முழுக்க இருந்தது. ஊரே வாழ்த்தியது.

3

மூன்றாம் நாள் அந்த முகாமில் குண்டு விழுந்தது. அவன் வெளியே வண்டியில் ஆன்டெனாவைச் சரிசெய்துகொண்டிருந்ததால் தப்பினான். அடுப்படியில் இருந்த சமையல்காரருக்கு வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

விசாரணை அதிகாரி அந்தப் படத்தை மேசைமேல் வைத்தார்.

"உன் சிரிப்பை எவன் பாக்கப்போறான்? பின்னாடி பாரு. ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணித் தொட்டி. இந்தக் கட்டடம் முன்ன பள்ளிக்கூடமா இருந்தது. பழைய படங்களோட ஒத்துப் பாத்தா இடம் கிடைச்சிடும். யார் யார் போட்டீங்க?"

"நான் மட்டுந்தான் சார்."

"இதனாலதான் குண்டு விழுந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது" என்றார் அதிகாரி. "இதனால இல்லேன்னும் சொல்ல முடியாது."

பதவியைக் குறைத்து அவனைக் கிடங்கு வேலைக்கு அனுப்பினார்கள். மனைவியிடம் தொலைபேசியில் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "நீ போட்டதை எடுத்துடும்மா. யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றான்.

"எடுத்துட்டேங்க. அந்த அண்ணன் எப்படி இருக்காரு?"

மறுமுனையில் அவன் அழுவது கேட்டது.

4

எட்டு மாதம் கழித்துச் சமையல்காரர் கடைக்கு வந்தார். நண்பனின் மனைவி தையல்காரி என்று தெரிந்துதான் வந்தார். இடது தோளில் ஒரு பை, அதில் ஐந்து சட்டைகள்.

"பட்டன் போட முடியலம்மா. தினமும் எவனாவது வந்து போட்டுவிட வேண்டியிருக்கு. ஒத்தக் கையால முடியுற மாதிரி ஏதாவது பண்ணேன்."

அவள் பட்டன்களை எல்லாம் பிரித்தாள். உள்பக்கம் பிரஸ் பட்டன் தைத்து, பழைய பட்டன்களை மேலே சும்மா அழகுக்கு வைத்துத் தைத்தாள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. முதல் சட்டையை அவரே போட்டுப் பார்த்தார். டப், டப், டப் என்று கழுத்துவரை வந்தது. அவர் முகம் மலர்ந்தது. குழந்தை ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது.

"அட, ஓடவே ஆரம்பிச்சிட்டாளா!"

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அந்தப் படத்தை நானும் போட்டேன். அவர் உடனே எடுத்துட்டாரு. என்னுது நாள் பூரா இருந்துச்சு. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கல."

5

சமையல்காரர் என்ன சொன்னார்?

"படத்தை எடுத்ததே நான்தானேம்மா" என்று அவர் சொல்வதாக எழுதினேன். (என் மனசு சமாதானம் அடையத்தான் எழுதினேன்.) மிச்சச் சட்டைகளை எடுத்துக்கொண்டு பேசாமல் படியிறங்குவதாக எழுதினேன். (அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காலைக் கட்டியிருக்கும் குழந்தையை எப்படி விலக்குவார்?) பிறகு, 'அவர் மெதுவாக உட்கார்ந்து, இருக்கிற கையால்...'

முடிக்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய் அவளிடமே கேட்டேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அது மட்டும் வேண்டாம் சார். மத்ததெல்லாம் தாராளமா எழுதுங்க. ஒரு தடவை எல்லாருக்கும் காட்டிட்டேன். இது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் இருக்கட்டும்."

அதனால் என்னிடம் முடிவு இல்லை. வேண்டுமானால் நீங்கள் அவர் இடத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து, பதில் சொல்லிப் பாருங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.