சேலை போர்த்திய சிலிண்டர்

காஸ் தனியார் கைக்குப் போனால் விலை இறங்கும் என்று பேப்பரில் எழுதினார்கள். எழுதினவர்களின் வீட்டில் யார் சமைத்தார்களோ தெரியாது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில், என் வீட்டில் நான்தான் சமைத்தேன். லொட்ஜுகளில் தங்கி வெளிநாட்டுக்கு அலைந்த யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கும் துறைமுகத்துக் கிளார்க்குமாருக்கும் நாளுக்கு முப்பது சாப்பாட்டுப் பார்சல். என் கணவர் நாகேந்திரத்துக்கு வவுனியாக் கச்சேரியில் அரசாங்க வேலை; மாதத்தில் ஒரு தரம் வருவார். அவருடைய சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் சரி. வீட்டில் உலை கொதித்தது அந்த முப்பது பார்சலால்தான்.

முந்தி மண்ணெண்ணெய் அடுப்பு. அது அரசாங்கத்துச் சாமான். விலை என்னவோ மலிவுதான், கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த ஒக்டோபரில் வரிசையில் நின்று வெறும் கானோடு திரும்பி வந்தேனே, அந்த மலிவை என்ன செய்வது? அன்றைக்குத்தான் காஸுக்கு மாறினேன். காஸும் அரசாங்கத்திடம் இருந்தபோது இப்படித்தான், விலை இருக்கும் சிலிண்டர் இராது என்று பக்கத்து வீட்டு இமெல்டா சொல்வாள். நான் மாறின நேரம் சிலிண்டர் தாராளமாக வந்தது. விலையும் வந்தது. ஒரு வருஷத்துக்குள் இரண்டு தரம் ஏற்றினார்கள். ஏன் என்று கேட்க யாரிடம் போவது? முந்தி நாட்டுக்கே ஒரு அரசாங்கம், இப்போது நாட்டுக்கே ஒரு கம்பனி. எங்கள் தெருவுக்கு ஒரே ஏஜென்ட், சவுந்தரநாயகம். அவரிடம் வாங்கு, இல்லாவிட்டால் விறகு பொறுக்கு.

பார்சல் இருபத்தைந்து ரூபா. ஒரு ரூபா கூட்டினாலும் பெடியள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அதனால் விலையைத் தொடாமல் சோற்றில் ஒரு அகப்பை குறைத்தேன். "அன்ரி, பார்சல் மெலிஞ்சு போச்சு" என்றான் ஒருவன். "நீர்தான் தம்பி கொழுத்துப் போனீர்" என்று அவன் வாயை அடைத்தேன். உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது.

பதினைந்து நாள் எரிந்த சிலிண்டர் பன்னிரண்டு நாளில் முடிய ஆரம்பித்தது. முதலில் அடுப்பைச் சந்தேகித்தேன். பிறகு குழாயைச் சந்தேகித்து, சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். ஒரு குமிழி கிளம்பவில்லை. அதற்குப் பிறகுதான் சவுந்தரநாயகத்தைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். நெற்றியில் திருநீறு, வாயில் எப்போதும் "தங்கச்சி". நிறுத்துத் தாருங்கோ என்றால், "தராசு பழுது தங்கச்சி, வாற கிழமை பாப்பம்" என்பார். அந்த வாற கிழமை ஆறு கிழமையாக வரவில்லை. ஒரு நாள் காசு கொடுக்கப் போனபோது கடையின் பின்னறையில் ஒரு சிலிண்டர் தலைகீழாக நிற்பதைக் கண்டேன். கீழே இன்னொன்று, நடுவில் குழாய், பக்கத்தில் ஒரு டப்பா புதுச் சீல். நான் கண்டதைக் கண்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். நாலு சிலிண்டரில் கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சினால் ஐந்தாவது சும்மா நிரம்பும். இது தெரிய எனக்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

வவுனியாவிலிருந்து வந்த மனுசனிடம் சொன்னேன்.

"உமக்கு விசரே? அந்தாள் எங்கடை ஊர்ப்பக்கம். பிரஜைகள் குழுவிலையும் இருக்கு. நாளைக்குப் பொலிஸ் பிரச்சினை எண்டால் அந்தாளட்டைத்தான் ஓடவேணும். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்."

"அதுக்காக என்ரை அடுப்பிலை அவர் கை வைக்கிறதே?"

"கையோடை பிடிச்சனீரே?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது. பிடித்துக் காட்டுகிறேன் என்று முடிவு கட்டினேன். புறக்கோட்டையில் நான் அரிசி எடுக்கிற கடையில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருக்கிறது. அவர் புதிதாக இறக்கிவிட்டுப் போன, சீல் உடைக்காத சிலிண்டரை அங்கே ஏற்றி நிறுத்து, கடைக்காரரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு நேரே சவுந்தரநாயகத்தின் மேசையில் போடுவது. வழியில் ஒரு வில்லங்கம் மட்டும்தான். புறக்கோட்டைக்குப் போகிற ரோட்டு அவருடைய கடை வாசலால்தான் போகிறது.

என் புத்தி என்ன சொன்னது? பழைய சேலை ஒன்றை எடுத்துச் சிலிண்டரைச் சுற்றி மூடு என்றது. மூடினேன்.

திரீவீல் ஓட்டும் நிலாம் அதைத் தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "என்னக்கா, சிலிண்டருக்குக் குளிருதா?"

"பகிடி விடாமல் ஓட்டுங்கோ தம்பி."

சவுந்தரநாயகத்தின் கடையைக் கடக்கும்போது சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து இருந்தேன். அவர் என்னைக் காணவில்லை. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஐந்துலாம்புச் சந்தியில் ஆமிக்காரன் கையைக் காட்டினபோதுதான் சிரிப்பு நின்றது.

அந்த வருஷம் தை மாதம் கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்திருந்தது. தமிழ்ப் பெண் ஒருத்தி, மடியோடு அணைத்தபடி சேலையால் மூடிய ஒரு இரும்புச் சாமான். அவனுடைய இடத்தில் நான் நின்றிருந்தாலும் துவக்கைத் தூக்கியிருப்பேன். "பஹின்ன! பஹின்ன!" இறங்கு என்று கத்தினான். சேலையை உருவினார்கள், சீலைப் பிய்த்து ரோட்டில் எறிந்தார்கள், மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார்கள். நிறுக்கக் கொண்டுபோகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நிறுக்கிற சாமானுக்குச் சேலை எதற்கு என்று கேட்டான். கோதாரி, அதற்கு அந்த இடத்தில் என்ன பதில் சொல்வது?

பொலிஸ் ஸ்டேசனில் ஒரு மர வாங்கில் நானும் நிலாமும் குந்தியிருந்தோம். அவனுடைய திரீவீலை முற்றத்தில் நிறுத்தித் திறப்பை வாங்கி வைத்திருந்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் சாவகச்சேரி என்று கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாருக்குப் பயந்து மூடினாய் என்று கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லை. காஸ் ஏஜென்டுக்கு என்று உண்மையைச் சொன்னேன்.

"எந்த ஏஜென்ட்?"

பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்த பெயர். ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சவுந்தரநாயகம் வந்து இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று கையெழுத்து வைத்தால் வீட்டுக்குப் போகலாம், வைக்காவிட்டால் உன்னையும் திரீவீல்காரனையும் மேல் விசாரணைக்கு அனுப்புவேன் என்றார். மேல் விசாரணைக்குப் போன சிலரை மாதக்கணக்கில் காணாத காலம் அது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் பூட்டின வீட்டு வாசலில் நிற்பார்கள்.

சவுந்தரநாயகம் வந்தார். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் முழுக் கதையையும் சிரித்துச் சிரித்துச் சொன்னார்: உன்னுடைய சிலிண்டர் நிறை குறைவாம், உனக்குத் தெரியாமல் நிறுக்கப் போனாளாம். இந்த மனுசனைக் கள்ளன் என்று சொல்லி, அதே மனுசன் வந்து என்னை மீட்க வேண்டும். இந்தக் கேவலம் என் எதிரிக்கும் வேண்டாம்.

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தங்கச்சி?" என்றார்.

"கேட்டனான். தராசு பழுது எண்டனீங்கள்."

இன்ஸ்பெக்டர் விடுகிற ஆளில்லை. உள்ளே காஸைத் தவிர வேறு ஏதும் இருந்தால் நிறை காட்டிக்கொடுக்கும், நிறுப்போம் என்றார். எதிரே பழைய இரும்புக் கடையில் தராசு இருந்தது. சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருந்த வெறும் நிறை பதினாலரைக் கிலோ, காஸ் பன்னிரண்டரை. மொத்தம் இருபத்தேழு வர வேண்டும். தராசின் முள் இருபத்தைந்தில் போய் நின்றது.

உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு அந்த நேரம் வந்தது சந்தோஷம். பார்த்தீரா நாகேந்திரம், கையோடு பிடித்துவிட்டேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"கிலோ தெக்கக் கோ?" இரண்டு கிலோ எங்கே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை. என்னையும் பார்த்தார், சவுந்தரநாயகத்தையும் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும்தான் தராசடியில் நின்றோம். நிலாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்டேசன் வாசலில், ஒரு பொலிஸ்காரனுக்குப் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சவுந்தரநாயகத்தின் கையில் கையெழுத்து வைக்கவேண்டிய கடதாசி இருந்தது. பேனையின் மூடியை இன்னும் கழற்றவில்லை. நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து இறங்கியது. குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்:

"தங்கச்சி, நான் கையெழுத்து வைக்கத்தான் வந்தனான்."

அவ்வளவுதான். வைக்காமல் திரும்பிப் போகவும் அவரால் முடியும்.

"மூண்டு நாள் சமைச்சிட்டன் சேர்" என்றேன் நான், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். "அதைக் கணக்கிலை எடுக்க மறந்துபோனன்."

சீல் ரோட்டில் கிடந்தது. அதைக் கண்ட ஆமிக்காரனும் அங்கே இல்லை. இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "பிஸ்ஸு கேனி!" என்றார். பைத்தியக்காரியாம். ஸ்டேசனுக்குத் திரும்பி அவர் அதைச் சொல்ல, பொலிஸ்காரர் எல்லோரும் சிரித்தார்கள். சவுந்தரநாயகமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே பேனையின் மூடியைக் கழற்றினார். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது நிலாம் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"மூணு நாள் சமச்சன்னு சொன்னீங்களாம். சீல் ஈந்திச்சே அக்கா. நான் தானே தூக்கி வச்ச."

"ஓம் தம்பி. இருந்தது."

வீட்டடியில் இறக்கிவிட்டுக் காசும் வாங்காமல் போனான். வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். புறக்கோட்டைக்குப் போய் வந்தேன் என்று அயலில் சொன்னேன், மனுசனுக்கும் அப்படியே எழுதினேன்.

அடுத்த சிலிண்டரைச் சவுந்தரநாயகம் தானே கூட நின்று இறக்குவித்தார். அது பதினைந்து நாள் எரிந்தது. அதற்கடுத்ததும் பதினைந்து. விலை இன்னொரு தரம் ஏறியது, ஆனால் என் சிலிண்டரில் ஒரு கிராம் குறையவில்லை. குறைத்த அகப்பைச் சோற்றைத் திரும்பப் போட்டேன். "அன்ரி, பார்சல் தேறீட்டுது" என்று பெடியளுக்கு ஒரே சந்தோஷம். நானும் நிம்மதியாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு நிரப்புகிற அந்த இரண்டு கிலோவை அவர் எங்கேயிருந்து எடுக்கிறார் என்று யோசிக்காமல் இருக்க நன்றாகப் பழகிக்கொண்டேன்.

ஒரு காலமை இமெல்டா குசினிக் கதவடியில் வந்து நின்றாள். கலியாணம் கட்டின காலத்திலிருந்து இதே தெருவில் இருக்கிறவள், ஐந்து பேருக்குச் சமைக்கிறவள். முகம் வாடிக் கிடந்தது.

"அக்கா, ஒங்க வீட்ல காஸ் எத்தன நாளைக்கி வருது? எனக்கு முந்தி ஒரு மாசம் வரும். இப்ப இருவது நாள் தாண்டுறதில்ல. எங்க வீட்டுக்காரர் என்னய ஏசுறாரு."

"எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் இமெல்டா. நெருப்பைக் குறைச்சு வைச்சுப் பாருங்கோ."

"கொறச்சுத்தான் வைக்கிறன். எனக்கு அந்த சவுந்தரநாயகம் மேலதான் சந்தேகம். இந்த வாட்டி எங்கயாவது கொண்டுபோய் நெறுத்துப் பாக்கப் போறன்."

அந்தச் சந்தி, அந்த வாங்கு, அந்தச் சிரிப்பு எல்லாம் ஒரேயடியாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. யோசிக்காமல் வாயை விட்டேன்.

"கொண்டு போறதெண்டால் ஒண்டாலையும் மூடாமல் கொண்டு போங்கோ."

"மூடுறதா?" என்றாள் இமெல்டா. "நான் மூடப்போறன்னு எப்பக்கா சொன்னன்?"

நான் சட்டியைக் கிண்டுகிறவள் மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பினேன். அவள் போகவில்லை. அடுப்புக்குக் கீழே நின்ற என் சிலிண்டரைப் பார்த்தாள். மூலையில் அடுக்கியிருந்த, வயிறு புடைத்த முப்பது பார்சலையும் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. ஆறு கிழமையாக நான் சவுந்தரநாயகத்தைப் பார்த்துத் திரிந்த பார்வை அது.