ஜெயம்மாவின் வாய்

ஆம்புலன்ஸில் ஏறும் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் முதலில் ஒரு தடவை அதட்டிவிடுவேன். கஹவத்தைப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் பச்சைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் நான். முன்கோபம் பிறவியிலேயே உண்டு. அதோடு, ஆரம்பத்திலேயே அதட்டி வைத்தால் வழியில் மயங்கி விழாமல் வருவார்கள் என்பது பத்து வருட அனுபவம். "நம்ம வண்டிக்கு ரெண்டு சைரன், ஒண்டு மேலே, மத்தது யும்னா மிஸ்" என்பார் டிரைவர் நஜீப் நானா.

அன்று காலை என் சைரன் எடுபடவில்லை. ஏறியவள் ஜெயம்மா. அவளைத் தெரியாத தோட்டம் இந்தப் பக்கத்தில் கிடையாது. கொழுந்து பறிக்கிறவள்தான், ஆனால் தோட்டத்து நிர்வாகியான துரையையே பங்களா வாசலில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டவள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது அவளுடைய தம்பி கிருஷாந்தின் மகள். பிறந்து ஆறு மணி நேரம், நாலு கிலோ நூறு கிராம். பார்க்கிறவர்கள் "அடேயப்பா, குண்டு" என்று கொஞ்சினார்கள். எனக்குத்தான் அந்த எடை பிடிக்கவில்லை. தாய் சுகந்தினிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் பிள்ளைக்குச் சில நேரம் இரத்தத்தில் சீனி விறுவிறுவென்று இறங்கும். இறங்கினால் பிள்ளை அழாது, பால் குடிக்காது, சோர்ந்துகொண்டே போகும். அப்படியே விட்டால் மூளையைத் தொட்டுவிடும். அதனால்தான் சீனி கலந்த சேலைன் ஏற்றி இரத்தினபுரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். தகப்பன் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். ஒப்பரேஷன் செய்த தாய் கட்டிலைவிட்டு அசைய முடியாது.

புறப்படும்போது சுகந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், இவ அழுத சத்தத்த நான் இன்னும் கேக்கலங்க."

நாங்களும் கேட்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

வண்டி கிளம்பிய பிறகுதான் ஜெயம்மாவின் மடியில் இருந்த சின்ன மருந்துக் குப்பியைக் கண்டேன்.

"என்ன அது?"

"சேனைங்க மிஸ். கித்துள் பாணி."

"ஒரு சொட்டு வாயில வச்சீங்க, இந்த இடத்திலேயே எறக்கிவிட்டுடுவன்" என்று குப்பியைப் பறித்து என் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"நான் எங்கங்க வைக்கிறது? எனக்குத்தான் தடையாச்சே!"

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பான சேனையை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. எங்களிடமும் அதுபோல் ஒன்று உண்டு. நல்ல மனிதர் ஒருவர் பேரீச்சம்பழத்தை மென்று பிள்ளையின் அண்ணத்தில் தடவுவார். என் மகனுக்கு என் வாப்பாதான் தடவினார். குணம் என்னவோ அப்படியே என் மாமியாருடையது.

"மொறப்படி அத்த நான்தாங்க தொடணும்" என்றாள் ஜெயம்மா. "ஆனா வீட்ல எல்லாரும் கூடிப் பேசி, பொம்பளப் புள்ளைக்கு என் வாய் வந்துறக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. ரத்னபுரில, தம்பிக்குப் படிச்சுக்கொடுத்த கிருஷ்ணராஜ் மாஸ்டர் வந்து தொடுவாரு. தங்கமான மனுசன். அடிச்சாக்கூட ஏன்னு கேக்க மாட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தேவைக்கு அதிகமாகவே சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரையிடம் பேச அவள் வாய் வேண்டும், பொலிஸில் பேச வேண்டும், ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் பேச வேண்டும், பிள்ளைக்கு மட்டும் ஆகாதாமா?

பெல்மடுல்லைக்கு முன்னால் பாதையைக் கொத்திப்போட்டுத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். லொறியும் பஸ்ஸும் முச்சக்கர வண்டிகளுமாக ஒரே வரிசை. எங்கள் சைரனை ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஜெயம்மா ஜன்னலைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினாள்.

"இட தென்ன! பபெக் இன்னவா!"

வழி விடுங்கள், குழந்தை இருக்கிறது என்று அவள் சிங்களத்தில் போட்ட சத்தத்தில் லொறிக்காரன் வண்டியைப் பாதையோரக் கானுக்குள் இறக்காத குறையாக ஒதுங்கினான். ரோலர் ஓட்டுகிறவன்கூடப் பின்னுக்குப் போனான். இரண்டு நிமிடத்தில் பாதை திறந்தது.

"மிஸ், இனி ஒங்களுக்கு லீவு" என்றார் நஜீப் நானா.

கொத்திய பாதையில் வண்டி குலுங்கிய குலுக்கத்தில் வந்தது வினை. சேலைன் ஊசி விலகி, பிள்ளையின் கை புசுபுசுவென்று வீங்கியது. ஊசியைக் கழற்றினேன். வேறு நரம்பு தேடினேன். அந்தக் கொழுகொழு கையில் ஒன்றும் அகப்படவில்லை. குதிகாலில் குத்திப் பார்த்தால் சீனி இருபத்தெட்டு. நாற்பத்தைந்துக்கு மேலாவது இருக்க வேண்டும். மூச்சும் தளர்ந்துகொண்டு வந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

போனில் கூப்பிட்டதும் இரத்தினபுரி டாக்டர் சொன்னார், "மருந்துப் பெட்டியில சீனி ஜெல் இருக்குதானே? கன்னத்துக்கு உள்பக்கம் தடவுங்க. வண்டிய நிப்பாட்ட வேணாம்."

தடவ எனக்குக் கை எங்கே? ஒரு கை பிள்ளையின் தாடையைத் தூக்கி ஒட்சிசன் மாஸ்க்கைப் பிடித்திருந்தது. மற்றது ஊசி கழற்றிய இடத்தில் இரத்தம் வராமல் அழுத்திக்கொண்டிருந்தது.

"ஜெயம்மா, கையக் கழுவி அந்தக் கையுறையப் போடுங்க. நீங்கதான் தடவணும்."

ஊரையே வாயடைக்க வைத்தவள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"நானா? வேணாங்க மிஸ்... இனிப்புங்களே அது."

"மருந்து!"

"இனிப்புதானுங்களே. என் வாய் இவளுக்கு வந்துருமுங்க. நாளைக்குப் போற எடத்துல இவ..."

"வரட்டும்!" என்று கத்தினேன். நானும் சைரன்தானே. "இந்தப் பிள்ளை ஆறு மணி நேரமா வாயே தொறக்கல. ஒங்க வாயில பாதியாவது வந்தாத்தான் பொழைக்கும். தடவுங்க!"

மருந்துத் தண்ணீரால் கையைத் தேய்த்தாள். கையுறையை மாட்டினாள். கொழுந்து பறித்துக் காய்த்த விரலில் அது சிக்கிச் சிக்கி ஏறியது.

"கையுற போட்டுத் தொட்டா வராதுதானுங்களே, மிஸ்?"

"தடவுங்கன்னேன்!"

நான் சொன்ன அளவு ஜெல்லை விரல் நுனியில் எடுத்து, பிள்ளையின் கன்னத்துக்கு உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். உதடு மட்டும் முணுமுணுத்தது. முருகனைக் கூப்பிட்டாளோ, மன்னிப்புக் கேட்டாளோ. நானும் என் பங்குக்கு அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெல்மடுல்லை தாண்டியது. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். பிள்ளையின் நெற்றி சுருங்கியது. முகம் சிவந்தது. பிறகு வாயைத் திறந்து ஒரு அழுகை அழுதாள் பாருங்கள், நஜீப் நானா திடுக்கிட்டு பிரேக்கை மிதித்துவிட்டார்.

"ஐயோ மிஸ்! கையுறையத் தாண்டி வந்துருச்சே!" என்று அலறினாள் ஜெயம்மா.

மறுபடி குத்திப் பார்த்தேன். ஐம்பத்தொன்று. அந்தக் குத்துக்கும் சேர்த்து அழுதாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசு என்று சொல்லிக்கொண்டேன்.

"மாஸ்டருக்கு என்னங்க சொல்றது?" என்றாள் ஜெயம்மா.

"பாணிய ரொட்டிக்குத் தொட்டுத் தின்னச் சொல்லுங்க" என்றார் நானா.

வார்டுக்குப் போன் போட்டு, சுகந்தினியிடம் கொடுக்கச் சொல்லி, ஜெயம்மாவிடம் நீட்டினேன். வாங்கினாள். வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது. நானே போனை வாங்கிப் பெட்டியின் திறப்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். பிள்ளை நிறுத்தாமல் அழுதுகொண்டிருந்தாள்.

பிறகு மெதுவாக, "சேனை யாருங்க மிஸ் தொட்டது?" என்று கேட்டாள் சுகந்தினி.

"அத்தைதான்" என்றேன். ஏதாவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"தெரியுதுங்க" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "போன எடுத்துறாதீங்க மிஸ். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே புடிங்க."