சத்தமா, தெளிவா

ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் பதினேழு. மைக்கம்மா எச்சில் விழுங்கிப் பார்த்தாள், முள்ளாகக் குத்தியது. பஸ் நிலையத்தில் மைக்கில் பஸ் புறப்படும் நேரம் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர் அது. பத்து நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. கத்திக் கத்தித்தான் என்று ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்கள்.

அவள் பயம் வேறு. பஸ் டிரைவரான புருஷனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் மருந்துச் சீட்டு கிடந்தது. நோயின் பெயரும் எழுதியிருந்தது. கேட்டதற்கு, "ஊசி போட்டாச்சு, விடு" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டான். தனக்கும் வந்திருந்தால்? அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பின்வரிசையில் பஸ் நிலைய டைம்கீப்பர் இருமிக்கொண்டிருந்தார். "என்ன மைக்கம்மா, குரலை எங்கயாவது அடகு வச்சிட்டீங்களா?"

சிரிக்கப் பார்த்தாள். அவள் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனாள்.

டாக்டர் அறைக்குக் கதவில்லை, திரைதான். டார்ச் அடித்துப் பார்த்தார். "சாதாரணப் புண்ணு மாதிரிதான் இருக்கு."

"டாக்டர்... அது வந்து..." கிசுகிசுத்தாள்.

"என்னம்மா? வெளியில எவ்வளவு கூட்டம் பாரு. சத்தமா, தெளிவா சொல்லு."

மைக் முன்னால் பதினோரு வருஷப் பழக்கம். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே முதுகு தானாக நிமிரும். கட்டிய தொண்டையிலிருந்து ஒவ்வொரு சொல்லும் நிறுத்தி நிதானமாக வந்தது: "என் கணவருக்குப் பால்வினை நோய். அது எனக்குத் தொண்டையில் பரவியிருக்குமா?"

வெளியே இருமல் நின்றது. மைக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "பாத்து மட்டும் சொல்ல முடியாதும்மா. பஞ்சுக் குச்சியால எடுத்து டெஸ்ட் பண்ணணும். இருந்தாலும் மருந்து இருக்கு, பயப்படாத."

லீவு போட்டு வீட்டிலேயே கிடந்தாள். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. அந்த நோய் இல்லை, வெறும் தொண்டைப் புண். "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, காகிதத்தோடு வேலைக்கு ஓடினாள்.

அவள் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள். மைக்கின் பழைய பஞ்சு உறை குப்பைக்கூடையில் கிடந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல, இதைப் படிச்சுப் பாருங்க" என்று காகிதத்தை நீட்டினாள்.

டைம்கீப்பர் கை நீட்டவில்லை. "மேஜையில வைங்க. உங்க வீட்டுக்காரருக்குச் சரியாயிடுச்சாம், அவர்கிட்ட நானே கேட்டேன். உங்க விஷயம்தான்... கொஞ்ச நாள் வீட்டுல இருங்களேன்."

புதிதாக வந்தவள் மைக்கில் நேரம் சொன்னாள். மைக்கம்மாவின் புருஷன் ஓட்டும் பஸ் உறுமியது. டைம்கீப்பர் வெளியே போய் டிரைவரின் ஜன்னலோரம் நின்றார். அவன் தண்ணீர் குடித்துவிட்டு நீட்டிய பாட்டிலை வாங்கி, வாய் வைத்துக் குடித்தார்.