வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார்

கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கும் பெண்ணுக்கு, கல்யாணம் ஆகாமலேயே, மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு கணவர் வந்து சேர்ந்தார். முதலில் செருப்பு மட்டும் வந்தது. பிறகு கொடியில் நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டை, பிறகு குளியலறையிலிருந்து இருமல். முழு ஆளும் வந்து சேரச் சில வாரங்கள் பிடித்தன. அந்தச் சந்துக்குள் வண்டி நுழையாது என்பதால் கனமான சாமான் எதுவுமே தாமதமாகத்தான் வரும்.

நகரத்தின் நடுவே கல் பாவிய நாலைந்து சந்துகள்தான் அந்தப் பகுதி. சரித்திரச் சின்னம் என்று அறிவித்துவிட்டார்கள். அதனால் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வாங்க வேண்டும். அடுத்த வீட்டுக் கதையைக் கேட்க மட்டும் எந்த அனுமதியும் வேண்டாம். வெளியூர்க்காரர்கள் வந்து கதவுகளைப் படம் எடுத்து, கிராமம் மாதிரியே இருக்கிறது என்று உருகிவிட்டுப் போவார்கள். கிராமத்தின் வாயும் அதில் சேர்த்தி என்பது குடியிருந்து பார்த்தால்தான் தெரியும். அங்கே ஊர் வாயில் கொஞ்ச நாள் ஊறிய எதுவும் உண்டாகிவிடும். இல்லாத நாய் ஒன்றைப் பற்றிப் பேசிப் பேசி, கடைசியில் தபால்காரர் கடி வாங்கினார். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. தபால்காரர் மட்டும் போய் ஊசி போட்டுக்கொண்டார்.

அவளோ அண்ணன் வீட்டில், கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கட்டில் போட்டுப் பல வருஷம் படுத்தவள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாம் அவள் காலைத் தாண்டித்தான் போவார்கள். அவளுக்கு வேண்டியதெல்லாம் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு. கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒருவருக்கு அந்தச் சந்தில் பூர்வீக வீடு இருந்தது. அவர் அங்கே ஒருநாளும் குடியிருந்ததில்லை. வெளிநாட்டில் மகனிடம் போகும் அவசரத்தில் இரண்டாம் மாடியின் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அவள் போனில் சொன்னபோது, "பழைய வீடுன்னா அப்படித்தாம்மா" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, கீழே ரொட்டிக்கடைக்காரம்மா கேட்டாள்: "வீட்டுக்காரர் எங்கம்மா? ஆளையே காணோம்?"

"வெளிநாட்டுல மகன் வீட்டுக்குப் போயிட்டாருங்க. எப்ப வருவார்னே தெரியல."

நம் மொழியில் வீட்டுக்குச் சொந்தக்காரரும் வீட்டுக்காரர்தான், கட்டிய புருஷனும் வீட்டுக்காரர்தான். யாரோ ஒரு சொல்லில் சிக்கனம் பார்த்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அவள் பாவப்பட்ட இரண்டாம் தாரமாகிவிட்டாள், தலைக்கு மேல் வளர்ந்த பிள்ளையுடன். விஷயம் காதுக்கு எட்டியதும் அவள் படபடவென்று இறங்கி வந்து, "நான் சொன்னது ஓனரைங்க" என்றாள். "புருஷனை ஓனர்ங்கிறா பாரு! இந்தக் காலத்துல யாருக்கு இந்த மரியாதை வரும்?" என்று ரொட்டிக்கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் திரும்பி வந்துவிட்டார் என்று ஊர் பேசத் தொடங்கி, வாசலில் செருப்பு வந்தபோது அவள் அதைத் தூக்கித் தெருவில் எறிந்தாள். செருப்புத் தைப்பவர் அதற்கு மெருகு போட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். சந்தில் இருப்பவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கடைக்கு வரவழைத்துக் கண் பரிசோதித்தாள். அத்தனை பேரும் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார்கள். அவளுக்கு அழுகையாக வந்தது. தனியாக இருக்கத்தானே இத்தனை பாடு? ஆனால் அந்த மனிதரால் தொல்லை இருக்கவில்லை. வாய் திறக்காத தங்கமான மனுஷன் என்று ஊர் சொல்லியிருந்ததால் அவர் வாய் திறக்கவில்லை. எப்போதும் மொட்டை மாடியில்தான் என்று சொல்லியிருந்ததால் அங்கேயே இருந்தார். கைவேலை தெரிந்தவர் என்று யாரோ சொன்ன அன்று குழாய் ஒழுகுவது நின்றது. அவளுடைய அறைத் தாழ்ப்பாள் பக்கம் அவர் வந்ததே இல்லை. வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் இதைவிட மோசமான குறைகள் உண்டு என்று அவள் சமாதானம் ஆகிவிட்டாள்.

அடுத்த வருஷம் வீட்டின் சொந்தக்காரர் திரும்பி வந்தார். படம் எடுக்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதாகத் திட்டம். வார முடிவுக்குள் காலி செய்யச் சொன்னார். அவளுக்கு அண்ணன் வீட்டுக் கட்டில் நினைவுக்கு வந்தது. சொன்ன நாளில் அவர் படியேறப் போனார். ரொட்டிக்கடைக்காரம்மா மறித்தாள்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரையா? நான்தாம்மா இந்த வீட்டுக்காரர்!"

சந்தே வேலையைப் போட்டுவிட்டுக் கூடியது. ஊரறிந்த வீட்டுக்காரர் மாடியில் பல் விளக்கிக்கொண்டிருக்க, பட்டப்பகலில் இன்னொருவன் வந்து உரிமை கொண்டாடுவதா? அவர் பத்திரத்தை எடுத்து நீட்டினார். ரொட்டிக்கடைக்காரம்மா பொறுமையாகப் படித்தாள். "கல்யாணம்னு இதுல ஒரு இடத்துலயும் போடலியே" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு படியில் நின்றவளைப் பார்த்தாள்.

"நீயே சொல்லும்மா. இவரா உன் வீட்டுக்காரர்?"

மாதக்கணக்காக அவள் உண்மையைச் சொல்லி யாரும் நம்பவில்லை. இன்று ஒரே ஒரு "ஆமா" போதும், சந்து ஒதுங்கி வழிவிடும், அவள் பெட்டியைக் கட்டலாம். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவர் எனக்கு வீட்டுக்காரர் இல்லைங்க" என்றாள். அவர்கள் கேட்ட அர்த்தத்தில் அது சத்தியமான வார்த்தை.

அவர் கையிலிருந்த சாவி பூட்டுக்குப் பொருந்தியது. சந்துக்குத்தான் அவர் பொருந்தவில்லை. ஊர் வாயில் இடமில்லாததால் நாளுக்கு நாள் மங்கி, வெயிலில் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் தெரிய ஆரம்பித்தது. முழுக்கக் காணாமல் போவதற்குள் ரொட்டிக்கடைக்காரம்மா மனம் இரங்கி, படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அறைக்குக் குடிவந்தவர் என்று அவரைப் பற்றி நாலு பேரிடம் சொன்னாள். அதில் அவருக்குக் கொஞ்சம் நிறம் திரும்பியது. இப்போது அங்கேதான் இருக்கிறார், வாடகை தவறுவதில்லை.

போன வாரம் அவர் மேலே வந்து கதவைத் தட்டினார். வீட்டுக்காரர் இருக்காரா, கீழே குழாய் ஒழுகுகிறது என்றார்.

"பழைய வீடுன்னா அப்படித்தாங்க" என்று சொல்லி, அவள் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.