பதினோரு விலா

"ஏம்மா, சரியான இடத்துலதானே கத்தி வைப்பாங்க?" என்று கேட்டார் பஸ் டிரைவர். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். "பல்லு டாக்டர் ஒருத்தர் என் நல்ல பல்லைப் பிடுங்கிட்டார். பல்லுன்னா பரவாயில்ல, மிச்சம் முப்பத்தொண்ணு இருக்கு."

சிரித்து வைத்தேன். பேச எனக்கு எப்போதுமே வராது. எக்ஸ்ரே எடுப்பவள் அதிகம் பேச வேண்டியதுமில்லை. மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. அவ்வளவுதான்.

அவர் முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இடது காலால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. இடுப்புப் பகுதியில் நான்காவது எலும்புக்கும் ஐந்தாவதற்கும் நடுவில் என்றது ஸ்கேன் ரிப்போர்ட்.

மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். டாக்டர் அடையாளத்துக்காக முதுகில் ஓர் ஊசியைச் செருகினார். நான் படம் எடுத்தேன். அவர் திரையைப் பார்த்துக் கீழிருந்து மேலே எண்ணினார்.

"அஞ்சு, நாலு. கரெக்ட். பிளேடு குடுங்க."

அப்போதுதான் அந்த விலா ஞாபகம் வந்தது.

நேற்று இவருடைய மார்பு எக்ஸ்ரேயை நான்தான் எடுத்தேன். பக்கத்துக்குப் பன்னிரண்டு விலா இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருந்தது. சிலருக்கு அப்படி இருக்கும், கெடுதல் இல்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் ரிப்போர்ட் எழுதியவர் கடைசி விலாவைப் பன்னிரண்டாவது என்று நினைத்து, அங்கிருந்து கீழே எண்ணியிருந்தால்? அவருடைய நான்கும் டாக்டருடைய நான்கும் ஒரே எலும்பு அல்ல.

நான் சொல்வது தப்பாக இருந்தால் நாளைக்கு இங்கே எப்படி முகம் காட்டுவது? சரியாக இருந்தால், இன்னும் ஒரு நிமிடத்தில் நல்ல டிஸ்க்கை வெட்டப்போகிறார்.

"சார்."

யாருக்கும் கேட்கவில்லை. பிளேடு கைமாறியது.

"சார், வேணாம்!"

"அட, வாயில்லாப்பூச்சிக்கு என்னாச்சு?" என்றார் சிஸ்டர்.

"இவருக்கு விலா பதினொண்ணுதான் சார். ரிப்போர்ட்ல மேல இருந்து எண்ணியிருப்பாங்க. நீங்க கீழ இருந்து எண்ணுறீங்க."

டாக்டரின் கை நின்றது. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"ஸ்கேன் படத்தை மாட்டுங்க" என்றார். "ரிப்போர்ட் வேணாம். படம்."

கீழிருந்து சத்தமாக எண்ணினார். முதல் டிஸ்க், இரண்டாவது, மூன்றாவது. பிதுங்கியிருந்தது மூன்றாவது. ஊசி நின்றது இரண்டாவதில்.

ஊசியைப் பிடுங்கி ஒரு டிஸ்க் மேலே செருகினார். "இன்னொரு படம்." எக்ஸ்ரே மிதிகட்டையை அழுத்தினேன்.

மத்தியானம் டிரைவர் கண்விழித்து இடது பாதத்தை அழுத்திக் காட்டினார். "கிளட்ச் விழுதும்மா!"

கை கழுவுமிடத்தில் டாக்டர் தனியாக நின்றிருந்தார்.

"எல்லாருக்கும் விலா எண்ணுவியாம்மா?"

"இல்ல சார். நேத்து கம்ப்யூட்டர் ரொம்ப நேரம் அப்படியே நின்னுடுச்சு. சும்மா உக்காந்திருந்தேன். அதான் எண்ணினேன்."

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"போன வாரம் அஞ்சு பேருக்கு இதே ஆபரேஷன் பண்ணேன்" என்றார் மெதுவாக.

ஐந்து பேருடைய மார்பு எக்ஸ்ரேயும் என் அறையில் இருந்தது. இருவரும் அங்கே போனோம். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். முதல் படத்தைத் திறந்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.