தாக்கம் என்று எழுதியவர்

துறைமுக அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அகராதி என்றுதான் கூப்பிடுவார்கள். நிறையச் சொற்கள் தெரிந்தவர் என்பது பாதிக் காரணம். அகராதி பிடித்தவர் என்பது மீதிப் பாதி. அவர் எழுதிய சொல்லில் யாராவது கை வைத்தால் மனிதர் மல்லுக்கு நிற்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெயர் அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

அன்று பகல் பதினொரு மணிக்குப் பொறியாளரிடமிருந்து ஆங்கிலத்தில் இரண்டு வரிக் கடிதம் வந்தது. மாலை நான்கு மணியிலிருந்து பழைய கடற்சுவர் அடுத்தடுத்து ‘ஆன்ஸ்லாட்’டைச் சந்திக்கும், மக்களுக்குத் தெரிவிக்கவும். அவ்வளவுதான். காலையிலிருந்தே காற்று ஒரு தினுசாக இருந்தது. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மடித்த காகிதம் ஒன்றை அதில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

துண்டுத்தாளில் எழுதிப் பார்த்தார். தாக்குதல். கடுந்தாக்குதல். பாய்ச்சல். படையெடுப்பு. அட்டாக் என்றால் ஒருமுறை அடித்துவிட்டுப் போவதாகவும் இருக்கலாம். அஸால்ட் ஓர் ஆள்மேல் கை வைப்பது. ஆன்ஸ்லாட் அப்படியல்ல, மூச்சுவிட விடாமல் மேலே விழுந்து மொத்துவது. இதெல்லாம் அவருக்குத் தெரியும். பிறகு செய்ததைத் தெரியாமல் செய்திருந்தால் மனசாவது ஆறும். ‘கடலின் கடுந்தாக்குதல்’ என்று எழுதி அதிகாரியிடம் கொண்டுபோனார்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “தாக்குதல்னு போட்டா ஊரே அல்லோலகல்லோலப்படும். குண்டு வெடிச்சுதா, எவன் அடிச்சான்னு போன் மேல போன் வரும். வேற சொல் இல்லையா? உங்களுக்குத் தெரியாத சொல்லா?”

அந்தக் கடைசிக் கேள்வியில் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மல்லுக்கு நிற்க வேண்டிய இடத்தில் பாடம் நடத்த ஆரம்பித்தார். “நீங்க சொல்றதும் சரிதான் சார். தாக்குதல்னா தாக்குற ஆள் ஒருத்தன் வேணும், அவனுக்குப் பகை வேணும். கடலுக்கு யார்மேல பகை? தாக்கம்னு போட்டுடலாம்.”

“அதான் அகராதி” என்றார் அதிகாரி.

‘மாலை நான்கு மணி முதல் பழைய சுவர்ப் பகுதியில் அலைகளின் தாக்கம் அதிகமாக இருக்கும். பொதுமக்கள் கவனமாக இருக்கவும்.’ அவர் கைப்பட எழுதியதையே நகலெடுத்து ஒட்டினார்கள். சுவரை ஒட்டித்தான் அவர் தங்கை கணவரின் வலை பழுதுபார்க்கும் கொட்டகை. ஆனால் மாப்பிள்ளை ஒரு மணிக்கெல்லாம் பூட்டிவிட்டு மேட்டிலிருக்கும் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நினைப்பில் அகராதி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மூன்றரை மணிக்கு அறிவிப்பு வண்டி தெருவில் போனது. ஒலிபெருக்கியில் தன் வாக்கியத்தைக் கேட்டதும் அகராதி எழுந்து ஜன்னலுக்குப் போனார். தினமும் செய்தியில் வெயிலின் தாக்கம் என்கிறார்கள், விலை உயர்வின் தாக்கம் என்கிறார்கள். அதைக் கேட்டு எவனாவது எழுந்து ஓடியிருக்கிறானா? தெருவில் ஒருவரும் தலை நிமிரவில்லை. ஜன்னலில் செருகிய காகிதம் தரையில் கிடந்தது.

தங்கைக்குப் போன் போட்டார். “மாப்பிள்ளை வீட்லதானே இருக்கார்?”

“இல்லண்ணா, கொட்டகையில. பெரிய வலை ஒண்ணு நாளைக்குக் குடுக்கணுமாம். இருட்டுற வரைக்கும் வேலை இருக்காம்.”

“உடனே கிளம்பச் சொல்லு.”

“கூட வேலை செய்யறவங்களும் மூடிடலாமான்னு கேட்டாங்களாம். இவர்தான் உட்கார வச்சுட்டார். நோட்டீஸ் மச்சான் எழுதினது, அவர் ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார், ஆபத்துன்னா தாக்குதல்னே போட்டிருப்பார், வெறும் தாக்கம்தானேன்னு சொன்னாராம்.” அவள் குரலில் அண்ணனைப் பற்றிய பெருமை இருந்தது. “இப்ப கூப்பிட்டா எடுக்க மாட்டார்ண்ணா. கையில ஊசி இருந்தா போனைத் தொடவே மாட்டார்.”

அகராதி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். இறக்கத்தில் சாக்கடை மூடிகளின் ஓட்டை வழியே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. சுவரோரம் எப்போதும் படுத்திருக்கும் நாய்கள் எல்லாம் மேட்டுப் படிகளில் வரிசையாக நின்றிருந்தன. அவை நோட்டீஸ் படிக்கவில்லை.

கொட்டகையில் ஆறு பேர் ஒரே வலையை மடியில் போட்டு, அதன் மடிப்புகளுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளை.

“எந்திரிங்க” என்று கத்தினார். “தாக்குதல்.” மூச்சு வாங்கியதில் வேறு சொல் வரவில்லை.

மாப்பிள்ளை ஊசியைக் கீழே வைக்காமலே சிரித்தார். “யாரு மச்சான் தாக்குறது?”

பகலில் அதிகாரிக்கு அவர் நடத்திய பாடம் அது. சுவர் ஒருமுறை முனகியது. அதன் விளிம்புக்கு மேலே, மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால், தண்ணீர் எழும்பி நின்றதை அகராதி பார்த்தார். ஆறு பேரும் அவர் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.